நீராவிப் பொம்மைகளும் ஒரு மச்சமும்

எங்கள் ஊர்க் கதையிலிருந்தே தொடங்குகிறேன். தேவாரம் திருமுதுகுன்றம் என்று சொல்லும் இந்த விருத்தாசலத்தில் சுந்தரருக்கு இறைவன் பன்னீராயிரம் பொன் கொடுத்தான். அதை இங்கே மணிமுத்தாற்றில் இட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள் என்பது ஆணை. ‘ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுகிறான்’ என்று இன்றும் கேலியாகச் சொல்கிறோமே, அந்தக் கதைதான். கேலி செய்கிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் ஒரு செய்தி பெரியபுராணத்தில் உண்டு. ஆற்றில் இடுவதற்கு முன்பு சுந்தரர் அந்தப் பொன்னிலிருந்து ஒரு மச்சம் வெட்டி எடுத்துத் தம்மிடம் வைத்துக்கொண்டார். மச்சம் என்பது மாற்று உரைத்துப் பார்ப்பதற்காக எடுத்து வைக்கும் மாதிரித் துண்டு. குளத்தில் பொன் கிடைத்தபின் இரண்டையும் உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைந்திருக்கிறது. மறுபடியும் பாடித்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. திருவாரூரில் மாற்றுரைத்த பிள்ளையார் என்று ஒருவர் இருப்பது இதன் பொருட்டே.

கடவுளிடமே மச்சம் எடுத்து வைத்துக்கொண்ட அந்த நம்பியின் முன்ஜாக்கிரதை எனக்கு இல்லாமற்போன ஒரு சந்தர்ப்பத்தைப் பற்றியே இந்தக் கட்டுரை. பொருள் பொன்னல்ல, பொம்மை. உள்ளங்கை இரண்டையும் சேர்த்து ஏந்தினால் அடங்கிவிடும் ஒரு நீராவி எஞ்சின்.

அது என்னிடம் வந்தது நெய்வேலியிலிருந்து. குடியிருப்பைக் காலி செய்த யாரோ எடைக்குப் போட்ட சாமான்களுக்கு நடுவே, பழைய இரும்புக் கடையில், தராசுத் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. தகர அடித்தகடு, அதன்மேல் செங்கல் வரி புடைத்த ஓர் அடுப்புப் பெட்டி, பெட்டியின் மேல் பித்தளைக் கொதிகலன், பக்கத்தில் புகைபோக்கி, ஒரு சிலிண்டர், ஒரு சுழல்சக்கரம். அடித்தகட்டின் கீழ்ப்புறம் ‘மேற்கு ஜெர்மனி’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. ஆகவே அது 1949க்கும் 1990க்கும் இடைப்பட்ட ஏதோ ஓர் ஆண்டில் பிறந்தது என்பது வரை உறுதி. நெய்வேலிச் சுரங்கத்தின் ராட்சத வெட்டு இயந்திரங்களுக்கும் ஜெர்மனிக்கும் உள்ள உறவு இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த வேலைக்காக வந்த எந்தப் பொறியாளரோ தம் பிள்ளைக்காகக் கொண்டுவந்திருக்கலாம், போய்வந்த நம்மவர் யாரோ வாங்கி வந்திருக்கலாம். கடைக்காரர் பித்தளை விலை போட்டுக் கொடுத்தார்.

இத்தகைய பொம்மைகளைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சில வரிகள். இது எஞ்சினைப் போன்ற பொம்மையன்று, எஞ்சினேதான். கொதிகலனில் தண்ணீர் ஊற்றிக் கீழே தீ மூட்டினால் சில நிமிடங்களில் நீராவி எழுந்து சக்கரம் சுற்றும். பெரிய எஞ்சினில் நீராவியை உள்ளே விடவும் வெளியே தள்ளவும் தனி வால்வுகள் உண்டு. பொம்மையில் அந்த வேலையைச் சிலிண்டரே தன் உடம்பை ஆட்டிச் செய்துகொள்கிறது. ஓர் அச்சில் தொங்கி ஊஞ்சல்போல் ஆடும் அதன் முதுகில் ஒரு துளை. ஒரு பக்கம் சாயும்போது அந்தத் துளை கொதிகலனிலிருந்து வரும் துளையோடு பொருந்துகிறது. மறுபக்கம் சாயும்போது வெளியேற்றும் துளையோடு பொருந்துகிறது. சிலிண்டரைத் தகட்டோடு அணைத்துப் பிடிப்பது ஒரு சிறு சுருள்வில். அழுத்தம் அளவுமீறினால் அந்த வில் நெகிழ்ந்து நீராவி இடுக்கு வழியே கசிந்துவிடும். பாதுகாப்பு வால்வு தனியாக இருந்தாலும் இது இரண்டாவது காவல். இவ்வளவு எளிய ஒன்றை யோசித்தவன் நல்ல கவிஞனாகவும் இருந்திருப்பான் என்று எனக்குத் தோன்றும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் நூரெம்பர்க் நகரம் இந்தத் தொழிலின் தலைநகராக இருந்தது. அங்கிருந்த பிங் சகோதரர்களின் நிறுவனம் உலகெங்கும் பொம்மை அனுப்பி, 1930களின் தொடக்கத்தில் நொடித்துப் போயிற்று. 1859இல் தொடங்கிய மார்க்லின் இன்றும் ரயில் பொம்மைகளுக்குப் பேர்பெற்றது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1937இல் மாமோட் தோன்றியது. லூடன்ஷைட் என்ற ஊரின் வில்லெஸ்கோ 1950 முதல் நீராவி எஞ்சின்கள் செய்கிறது. என்னிடம் வந்தது அதன் தயாரிப்பாக இருக்கலாம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இவற்றைத் தேடிச் சேர்த்துப் பழுது நீக்கி ஓட்டிப் பார்ப்பதற்கென்றே பெரிய கூட்டம் உண்டு. நம்மிடையேயும் சிலர் இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து தருவித்துச் சுங்கவரி கட்டி வாங்குகிறார்கள். ஒருகாலத்தில் ஜமீன் வீடுகளுக்கும் தேயிலைத் தோட்டத்துத் துரைமார் வீடுகளுக்கும் வந்த பண்டம், இன்று மென்பொருள் சம்பளத்துக்கு எட்டியிருக்கிறது.

என் எஞ்சின் ஓடவில்லை. கொதிகலனின் மூடிப் பொருத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல். முதலில் கடைத்தெருவில் நகைவேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் போனேன். வெள்ளிப் பற்று வைத்தால் காலத்துக்கும் நிற்கும் என்று படித்திருந்தேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது ஈயம் பட்டதுங்களே ஐயா, இதுல பொடி வெச்சு ஊத முடியாது. ஈயம் பித்தளையத் தின்னுடும்” என்றார். பேச்சில் பொடி வைப்பதைப் பற்றி வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். வெண்காரம் தடவிப் பொடி வைத்து ஊதுவதை ஒருவர் மறுத்துச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை. அவர் சொன்னது முழு உண்மை. ஈயப் பற்றின் மிச்சம் இருக்கும் பித்தளையை வெள்ளிப் பற்றுக்குரிய சூட்டுக்குக் கொண்டுபோனால் ஈயம் உலோகத்துக்குள் இறங்கிக் குழி பறித்துவிடும்.

பிறகு பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவரைத் தேடினேன். ஒரு காலத்தில் தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு வந்தவர்கள், எவர்சில்வர் வந்தபின் அரிதாகிவிட்டார்கள். ஒருவர் கிடைத்தார். நவச்சாரப் புகை கிளம்ப, பஞ்சால் ஒற்றி, பத்து நிமிடத்தில் அடைத்துக் கொடுத்தார். ஈயப் பற்று 200 பாகைக்குள் உருகிவிடுமே, தீயின்மேல் எப்படி நிற்கும் என்று கேட்கலாம். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை இந்தச் சிறிய கொதிகலனின் சூடு 120, 130 பாகையைத் தாண்டாது. தண்ணீர் வற்றினால்தான் ஆபத்து. ஆகவே வற்ற விடாதே என்பது இந்த விளையாட்டின் முதல் விதி. இரண்டாவது விதி, பழைய கொதிகலனைத் தீயில் வைப்பதற்கு முன் நீர் அழுத்தத்தில் சோதிப்பது. காற்றுக் குமிழி இல்லாமல் முழுக்கத் தண்ணீர் நிரப்பிக் கைப்பம்பால் வழக்கமான அழுத்தத்தைப்போல் இருமடங்கு ஏற்ற வேண்டும். காற்றை அடைத்துச் சோதித்தால் வெடிக்கும். தண்ணீர் அமுங்காது, ஆதலால் விட்டுக்கொடுத்தாலும் ஒரு சொட்டுக் கசிவோடு முடிந்துவிடும்.

இதுவரை ஒழுங்காக நடந்தது. தவறு அதற்குப் பிறகு.

அடுப்புப் பெட்டியின் சிவப்பு வண்ணம் பாதி உரிந்து, மீதி புகையேறிக் கறுத்திருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை என்று நானே முடிவு செய்தேன். டிங்கர் பட்டறை ஒன்றில் கொடுத்து, பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு மோட்டார் சைக்கிள் டேங்குக்கு அடிக்கும் சிவப்பை அடித்து வாங்கினேன். குற்றம் பட்டறையினுடையதன்று, கேட்டதை அவர்கள் செம்மையாகச் செய்தார்கள். திரும்பி வந்தபோது எஞ்சின் பளபளவென்று, நேற்றுக் கடையில் வாங்கியதுபோல் இருந்தது. ஒரு வாரம் கழித்து, சிலிண்டர் தகட்டைப் பெட்டியோடு பிணைத்திருந்த திருகைக் கழற்றினேன். திருகுத் தலையின் அடியில், ஐந்து பைசா அளவுகூட இல்லாத ஒரு வட்டத்தில், பழைய வண்ணம் அப்படியே இருந்தது. அது சிவப்பே அன்று. செங்கல்லுக்கும் குங்குமத்துக்கும் நடுவில் ஏதோ ஒரு நிறம், மங்கலானது, கொஞ்சம் மஞ்சள் கலந்தது. செங்கல் வரி புடைத்த பெட்டிக்குச் செங்கல் நிறத்தையே பூசியிருக்கிறார்கள் என்ற எளிய செய்தி எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் பூசியது ஒரு தீயணைப்பு வண்டியின் நிறம்.

சுரண்டி எடுத்தது நிறத்தை மட்டுமன்று. அடுப்பு வாயின் இடப்பக்கம் மட்டும் கூடுதலாகக் கறுத்திருந்தது நினைவுக்கு வந்தது. இடக்கையால் விளக்கைத் தள்ளி வைத்த ஒரு குழந்தையாக இருக்கலாம், எப்போதும் ஒரே திசையிலிருந்து காற்றடிக்கும் வராந்தாவாக இருக்கலாம். இனி எதுவாகவும் இருக்க முடியாது.

சேகரிப்பாளர்கள் இந்த விஷயத்தில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, கடையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஆக்குவதே பழுது நீக்கல் என்னும். மற்றக் கட்சி, தூசி தட்டுவதற்குமேல் எதுவும் செய்யாதே என்னும். முதல் கட்சிக்குப் பெரிய எஞ்சின்கள் சாட்சி சொல்லும். 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த இ.ஐ.ஆர். 21 என்ற எஞ்சினைப் பெரம்பூர் லோகோ பணிமனை 2010இல் மறுபடி ஓட வைத்தது. காணாமற்போன பாகங்களைப் புதிதாகச் செய்யாமல் அது நடந்திருக்காது. 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற நீலகிரி மலை ரயிலுக்குப் பொன்மலைப் பணிமனை முற்றிலும் புதிய நீராவி எஞ்சின்களையே கட்டிக் கொடுத்திருக்கிறது. அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆள் ஏற்றிச் செல்லும் எஞ்சினில் தேய்ந்த பாகத்தைப் பழமையின் பெயரால் விட்டுவைப்பது குற்றம். கொதிகலன் என்று வந்துவிட்டால் பொம்மையிலும் அப்படியே. அங்கே பாதுகாப்புக்கு மேல் எந்த அழகியலும் இல்லை.

ஆனால் வண்ணமும் கீறலும் கரியும் வேறு கணக்கு. பெரிய எஞ்சினுக்குப் பணிமனைப் பதிவேடு உண்டு, ஓட்டியவர் பெயர் உண்டு, படம் உண்டு. பொம்மைக்கு எந்த ஏடும் இல்லை. அதை வைத்து விளையாடிய குழந்தை தன் வரலாற்றை அதன் உடம்பிலேதான் எழுதியிருக்கிறது. சுவடியில் பூச்சி அரித்த இடத்தைத் தம் சொந்தச் சொல்லால் நிரப்பி, நிரப்பியதையும் சொல்லாமல் அச்சிட்ட பதிப்பாசிரியர்களைப் பற்றி நாங்கள் வகுப்பில் எவ்வளவு கடுமையாகப் பேசுகிறோம்! உ.வே.சா. பாடபேதங்களை அடிக்குறிப்பில் கொடுத்ததை எவ்வளவு புகழ்கிறோம்! அதே வாயோடு போய், ஒரு பொம்மையின் மூலபாடத்தை நானே சுரண்டி எறிந்துவிட்டு வந்தேன். படித்த படிப்பு கைக்கு வருவது அவ்வளவு எளிதன்று.

எனவே என் கருத்து இது. ஓடும் பொம்மையை ஓட்டத்தான் வேண்டும். அட்டைப்பெட்டி கசங்காமல் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, ஒரு நாளும் தீ மூட்டாமல், விலை ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது சேகரிப்பு அன்று, சீட்டுப் பணம். ஓடுவதற்கு எது அவசியமோ அதை மாற்றலாம். மாற்றும்போது கழற்றிய பாகத்தை எறியாமல் ஒரு தாளில் பொதிந்து உடன் வைக்க வேண்டும். வண்ணம் பூசித்தான் தீர வேண்டுமென்றால், கண்ணில் படாத ஓரிடத்தில் ஒரு விரல் அகலம் பழைய பூச்சை விட்டுவைக்க வேண்டும். நம் மொழியில் இதற்குச் சொல் இருக்கிறது. மச்சம்.

ஓட்டுவது என்று சொன்னேன். அதிலும் நம் ஊருக்கே உரிய சிக்கல்கள் உண்டு. பழைய பொம்மைகளுக்கு எரிபொருள் எரிசாராயம். 2024 ஜூனில் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதற்குப் பிறகு இந்த வட்டாரத்தில் ஒரு கல்லூரி ஆசிரியர் கடைகடையாகப் போய் ஸ்பிரிட் கேட்டுக்கொண்டிருந்தால் என்ன நினைப்பார்கள்? நான் கேட்கவில்லை. ஜெர்மானியர்கள் 1936 முதல் எஸ்பிட் என்ற பெயரில் திட எரிபொருள் வில்லைகள் செய்கிறார்கள். அத்தகைய வில்லைகள் மலையேறுகிறவர்களுக்காக இங்கும் கிடைக்கின்றன. அது வரும்வரை பூஜையறைக் கற்பூரத்தை வைத்துப் பார்த்தேன். எஞ்சின் ஓடியது, கொதிகலனின் வயிறு அட்டக்கரியாகிவிட்டது. வீட்டில் எனக்குக் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுதுவதற்கில்லை. தண்ணீருக்கு மழைநீரே உத்தமம். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் நாலைந்து ஓட்டத்திலேயே சுண்ணாம்புப் படலம் கட்டிக்கொள்கிறது.

முதல் முறை சக்கரம் சுற்றியபோது எழுந்த வாசனை எனக்குப் பழக்கமானதாக இருந்தது. சுட்ட எண்ணெயும் ஈரத் தகரமும் கலந்த வாசனை. எங்கே என்று யோசித்ததில், மாசி மகம் என்று விடை வந்தது.

எண்பதுகளின் கடைசியில் மாசி மகத்துக்கு ஆற்றங்கரையில் போடும் கடைகளில் தகரப் படகு விற்பார்கள். அகன்ற தட்டில் தண்ணீர் நிரப்பி, அதில் ஒரு படகு டபடபவென்று ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். கூட்டத்தை இழுப்பதற்கு அந்தச் சத்தமே போதும். நடுவில் ஒரு சின்னத் தகரக் கரண்டியில் எண்ணெயும் திரியும். பின்பக்கம் தண்ணீருக்குள் இரண்டு குழாய்கள். பிஸ்டன் இல்லை, சக்கரம் இல்லை, வால்வு இல்லை. கரண்டித் தீயின் மேல் ஒரு தட்டையான தகர அறை மட்டும் உண்டு. அதிலுள்ள தண்ணீர் ஆவியாகிக் குழாய்களிலுள்ள தண்ணீரை வெளியே உந்துகிறது. ஆவி குளிர்ந்து சுருங்கியவுடன் தண்ணீர் மறுபடி உள்ளே வருகிறது. மெல்லிய தகடு புடைத்தும் குழிந்தும் டபடபவென்று அடிக்கிறது. வெளியேறும்போது தண்ணீர் ஒரே திசையில் பீச்சியடிக்கிறது, உள்ளே வரும்போது எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. அந்த வித்தியாசம்தான் படகை முன்னே தள்ளுகிறது. தாமஸ் பியோ என்பவர் 1891இல் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை பெற்றார். மெல்லிய தகடு வைத்துத் திருத்தியவர் மக்ஹ்யூ என்ற அமெரிக்கர். ஹயாவோ மியாசாகியின் ‘போன்யோ’ (2008) திரைப்படத்தில் ஒரு சிறுவன் மெழுகுவத்தி வைத்து ஓட்டுவது இந்தப் படகைத்தான்.

ஆக, என் முதல் நீராவி எஞ்சின் ஜெர்மனியிலிருந்து வந்ததன்று. அப்பாவின் தோளில் உட்கார்ந்து அடம்பிடித்து வாங்கியது. அதன் உட்புறத்தில் ஏதோ எண்ணெய் டப்பாவின் எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தன. இரண்டு மாதம் கிணற்றடித் தொட்டியில் ஓடியது. பிறகு பற்று விட்டு முழுகியது. எடுத்துக் கொல்லையில் போட்டோம், துருப்பிடித்து மண்ணாயிற்று.

எனக்கு உறுத்துவது இதுதான். ஐரோப்பியப் பணக்காரக் குழந்தையின் பொம்மையைப் பற்றி உலகம் பட்டியலும் விலைப்புத்தகமும் ஆய்வுநூலும் வைத்திருக்கிறது. அந்தப் பொம்மையின் திருகு ஒன்று தொலைந்தால் அதே அளவில் செய்து அனுப்ப ஆள் இருக்கிறது. நம் திருவிழாக் கடையின் தகரப் படகை வெட்டி மடித்துப் பற்று வைத்தவர் யார், எந்தத் தெருவில் பட்டறை, எந்த டப்பாவின் தகரம், எதுவும் யாரும் எழுதி வைக்கவில்லை. தமிழ்நாட்டில் நீராவி எஞ்சின்களுக்கு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன, பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கத்தில் ஒன்று, திருச்சியில் ஒன்று. இந்தப் படகுக்கு ஓர் அலமாரித் தட்டுகூட இல்லை. மலிவானது, எல்லோரிடமும் இருந்தது, ஆகவே யாரிடமும் இல்லாமற்போயிற்று.

இனி அது புதிதாகப் பிறப்பதும் எளிதன்று. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்குத் தர முத்திரை கட்டாயம். கூரான விளிம்பும், ஈயப் பற்றும், மூடாத தீயும் கொண்ட ஒரு பொம்மை அந்த வாசலைத் தாண்டுவது எப்படி? பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் தகரம் மடிக்கும் சிறு பட்டறைக்காரர் தம்மைக் கைவினைஞர் என்று நினைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சட்டம் தவறு என்று நான் சொல்லவில்லை. என் கட்டைவிரலில் அந்தப் படகு கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது, ஈயத்தை வாயில் வைக்கும் குழந்தைகளும் உண்டு. இணையக் கடைகளில் இன்றும் அத்தகைய படகுகள் கிடைக்கின்றன. நாலைந்து வாங்கி, ஒன்றை ஓட்டிவிட்டு மற்றவற்றை எண்ணெய்த் தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். அதிகம் போனால் ஒரு சினிமாச் செலவு.

இதை வகுப்பிலும் பேசும்படி நேர்ந்தது. பிள்ளைத்தமிழ் நடத்தும்போது ஆண்பாலின் கடைசிப் பருவமான சிறுதேருக்கு வந்தால், பட்டினப்பாலையின் முக்காற் சிறுதேரைச் சொல்லாமல் நகர முடியாது. நெல்லைக் கொத்த வந்த கோழியின்மேல் எறிந்த பொற்குழை குழந்தையின் மூன்று சக்கர வண்டிக்குத் தடையாகக் கிடந்ததாம். உரைகாரர்கள் பொற்குழையில் நின்றுவிடுகிறார்கள், காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வத்தைக் காட்ட அது வசதி. அந்த வண்டி என்ன மரம், யார் செய்தது, சக்கரம் எப்படிச் சுற்றியது என்று நான் கேட்டேன். யாருக்கும் விடை தெரியாது, எனக்கும் தெரியாது. பாட்டில் இடம்பிடித்த தேரே இப்படி என்றால் பாடப்படாதவற்றின் கதி என்ன என்று பேசிக்கொண்டே எஞ்சினை மேசைமேல் வைத்து ஓட்டிக் காட்டினேன். கடைசி பெஞ்சுக்காரர்கள் முன்னால் வந்து நின்றதை அந்த ஆண்டு அப்போதுதான் பார்த்தேன்.

வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி வந்தாள். “ஐயா, எங்க தாத்தா செராமிக்குல அச்சு வேலை பாத்தவரு. பழைய அச்செல்லாம் கொல்லையில கெடக்கு. வந்து பாக்கறீங்களா?” என்றாள்.

விருத்தாசலம் பீங்கான் ஊர் என்பது வெளியூர்க்காரர்களுக்கும் தெரியும். நெய்வேலிச் சுரங்கம் தந்த களிமண்ணையும் நம்பி வளர்ந்த தொழில். மின்சார ப்யூஸ் கட்டைகளும் இன்சுலேட்டர்களும் ஒரு பக்கம், கொலுவுக்கும் கடைவீதிக்குமான பொம்மைகள் மறுபக்கம். பொம்மை செய்யும் முறை இதுதான். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சின் இரு பாதிகளைச் சேர்த்துக் கட்டி, களிக்குழம்பை ஊற்றிச் சிறிது நேரம் வைத்தால், அச்சு தண்ணீரைக் குடித்து உட்சுவரில் ஓர் ஏடு படியும். மீதிக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு, ஏடு இறுகியதும் அச்சைப் பிரித்தால் பொம்மை. காயவைத்துச் சூளையில் சுட வேண்டும். சுட்டபின் உடைந்தால் உடைந்ததுதான். தகரமும் பித்தளையும்போல் பீங்கான் பழுது பார்க்க இடம் தராது. அச்சுக்கும் ஆயுள் குறைவு. ஊற்ற ஊற்றக் கூர்மை போய், பொம்மையின் மூக்கு மழுங்கத் தொடங்கும். அப்போது அச்சை எறிந்துவிட்டு மூல உருவிலிருந்து வேறு அச்சு எடுப்பார்கள். எறிந்தவை என்ன ஆயின, மூல உருக்கள் எங்கே என்று இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஜெர்மன் தகரத்துக்காக நெய்வேலி வரை போனேன்.

பெரியவர் வீடு தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம். கொல்லையில் துளசிமாடத்தைச் சுற்றி வரப்பாகவும், கோழிக்கூண்டுக்கு முட்டுக்கட்டையாகவும், குளிக்குமிடத்தில் கால் வைக்கும் கல்லாகவும் அச்சுகள் கிடந்தன. மழையில் ஊறி ஓரம் கரைந்தவை. யானை, கிளி, செட்டியார், குதிரை. ஒவ்வொன்றையும் கழுவித் திருப்பிக் காட்டினார். பள்ளமாக இருப்பதை மேடாகக் கற்பனை செய்து பார்க்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. துணி துவைக்கும் கல்லுக்கு அடியிலிருந்து அவர் உருவி எடுத்த ஒன்றில் மட்டும் உடனே அடையாளம் தெரிந்தது. புகைபோக்கி, உருண்டைக் கொதிகலன், மூன்று சக்கரம்.

“கரி எஞ்சினுங்க. சலங்கை கட்டுன மாதிரி சக்கரத்துக்கு ஆரம் போட்டது நாந்தான். ஜங்சன்ல போயி நின்னு பாத்துட்டு வந்து செஞ்சது” என்றார்.

“மத்த பாதிங்க ஐயா?”

“இருக்கும். எங்கியாவது முட்டு குடுத்துருப்பாங்க. இல்லன்னா இதப் பாத்து அந்தப் பக்கத்த வெட்டிடலாம், பெரிய வேலை இல்ல” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா அது வேற எஞ்சினாயிடும்” என்றும் சொன்னார்.

வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். கோழிக்கூண்டை இடம் மாற்றும்போது அடியில் தேடிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். மாசி மகத்துக்குள் மாற்றிவிடுவார்களாம். கிடைத்த பாதியை நிழலில் காயவைத்திருக்கிறேன். அதன் முதுகில் பென்சிலால் ஒரு எண்ணும், பாதி அழிந்த ஒரு கையெழுத்தும் இருக்கின்றன. ஈரத்துணியால்கூட அந்தப் பக்கத்தைத் தொடவில்லை.